நல்லூருக்கும் நெடுந்தீவுக்கும் எந்தக் கமரா, எத்தனை லென்ஸ்?

ரொறன்ரோவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓகஸ்டில் மனைவியோடும் நாலு வயது மகளோடும் இரண்டு கிழமைக்கு யாழ்ப்பாணம் வருகிறாராம். நல்லூர்த் திருவிழாவின் கடைசி நாட்கள், நெடுந்தீவுக்கு ஒரு நாள், நயினாதீவுக்கு ஒரு நாள், மிச்சம் முழுக்கக் கோண்டாவிலில் அம்மம்மா வீடு. கையில் இருப்பது சோனி ஏ7 நான்காம் மொடல். லென்ஸ் என்று பார்த்தால் 24-70, 70-200 இரண்டும் எஃப் 2.8, 16-35 எஃப் 4, 85, 35 இரண்டும் எஃப் 1.8. அதோடு பிளாஷ், முக்காலி, ட்ரோன். (லென்ஸ் எண்கள் மில்லிமீற்றரில்: சின்ன எண் அகலமாய்க் காட்டும், பெரிய எண் தூரத்தைக் கிட்டக் கொண்டு வரும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூட வெளிச்சம் வாங்கும்.) "அண்ணை, திரும்ப எப்ப வருவனோ தெரியாது, எல்லாத்தையும் கொண்டு வரட்டோ?" என்பது கேள்வி. அடியில் ஒரு வரி தனியாக: அப்பாவின் பழைய பென்டாக்ஸ் கே1000 பிலிம் கமரா ஒன்றும் வீட்டில் இருக்கிறதாம், அதை என்ன செய்வது?

பென்டாக்ஸுக்குக் கடைசியில் வருகிறேன். மற்றதுக்குப் பதில்: வேண்டாம் தம்பி, பாதியை அங்கேயே வையுங்கள்.

நான் கலியாண வீடுகளுக்குப் படம் எடுத்துப் பிழைக்கிற ஆள். கலியாணத்துக்குப் போனால் என்னிடம் மூன்று பை இருக்கும், அதைத் தூக்க ஒரு பெடியனும் இருப்பான். அந்தப் பெடியன் இல்லாத நாட்களில்தான் பை என்றால் என்னவென்று விளங்கியது. ஆகவே எந்த லென்ஸ் என்று யோசிக்க முதல், போகிற ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பை எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். தோளிலா, மடியிலா, படகின் ஈரத் தட்டிலா, மனைவியின் கையிலா? மகள் "அப்பா தூக்குங்கோ" என்று கையை நீட்டும்போது அந்தப் பை எங்கே போகும்? இதுக்குப் பதில் கிடைத்தால் லென்ஸ் பட்டியல் தானாகச் சுருங்கும்.

உங்கள் லென்ஸ்கள் புது மொடல்கள்தான் என்றே வைத்துக் கணக்குப் பார்த்தேன். கமரா 658 கிராம், 24-70 695, 70-200 1045, 16-35 353, 85 371, 35 280. மொத்தம் 3.4 கிலோ. பிளாஷ், முக்காலி, ட்ரோன், சார்ஜர், பை எல்லாம் இதுக்கு மேலே. பழைய மொடல் என்றால் இன்னும் கூடும்.

நல்லூரில் இருந்து தொடங்குவோம். ஆடி அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் கொடியேறி 25 நாள் நடக்கிற திருவிழா. பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் பின்னேரம் சப்பரம் (கோபுரம் மாதிரி உயரமாகச் சோடித்த வாகனம்), 24ஆம் நாள் தேர், அடுத்த நாள் தீர்த்தம். திகதி ஒவ்வொரு வருடமும் மாறும் என்பதால் விமான டிக்கெட் போட முதல் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தேருக்கு மறுநாள் வந்து இறங்கி மூக்கைச் சிந்திய ஆட்களை எனக்குத் தெரியும்.

கோயிலுக்குள் படம் எடுக்க முடியாது. ஆண்கள் சேர்ட்டைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், வேட்டி கட்டிப் போவதுதான் வழக்கம். இப்போது என் கேள்விக்கு வாருங்கள்: உள்ளே போகும்போது பை எங்கே? மூன்றரைக் கிலோவையும் சேர்ட்டையும் பிள்ளையையும் ஒரே ஆள் வெளியே வைத்துக்கொண்டு நிற்க ஏலாது. வேட்டிக்குப் பொக்கெற்றும் கிடையாது. ஒரு முறை பற்றரியை வேட்டி மடிக்குள் செருகிக்கொண்டு போனேன். கும்பிட்டு எழும்பினபோது பற்றரி இல்லை. மணலில் தேடிக்கொண்டிருந்த என்னை, விழுந்து கும்பிடுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற ஐயா விலகி இடம் விட்டார். அன்றிலிருந்து இடுப்பில் கட்டுகிற சின்னப் பைதான். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்: ஒரு கமரா, அதில் பூட்டிய ஒரே லென்ஸ், இடுப்பில் ஒரு பற்றரியும் ஒரு மெமரி கார்டும் லென்ஸ் துடைக்கிற துணியும்.

அந்த ஒரே லென்ஸ் 24-70. படம் முழுக்க வெளி வீதியில்தான். விடிய அங்கப்பிரதட்டை, அடியழித்தல் (பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிடுவது), காவடி, பிறகு தேர். 16-35 இல்லாமல் கோபுரம் அடங்குமா என்று கேட்பீர்கள். 24இல் அடங்கும், இரண்டடி பின்னுக்குப் போனால் சரி. பின்னுக்குப் போக ஏலாத சனநெரிசல் என்றால், 16இல் எடுத்தாலும் அந்தப் படத்தில் தேர் தீப்பெட்டி மாதிரித்தான் தெரியும், முன்னால் நிற்பவரின் தலை பூசணிக்காய் மாதிரித் தெரியும். ஆகவே 16-35 ரொறன்ரோவிலேயே இருக்கட்டும். பிரதட்டை செய்கிறவர்களின் முகத்துக்குக் கிட்டக் கமராவைக் கொண்டு போகாதீர்கள். அது அவர்களின் நேர்த்தி. பத்தடி தள்ளி, பக்கவாட்டில் நின்று எடுத்தால் படமும் நன்றாக வரும், பேச்சும் வாங்கத் தேவையில்லை.

தேரன்று ஒரு விசயத்தில் கவனம். தேர் வரும் வழியில் தேங்காய் மலைபோலக் குவித்து வைத்து உடைப்பார்கள். ஒரு வருடம் அந்த இடத்துக்கு நான் மிகக் கிட்டப் போய்விட்டேன். ஓடு சிதறும் கணம் நல்லாய் வந்தது, அந்தப் படம் இன்னும் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஆனால் தேங்காய்த் தண்ணீர் லென்ஸின் முன் கண்ணாடியில் துளித் துளியாய் இருந்ததைச் சேர்ட்டால் துடைத்துவிட்டு, சூம் வளையத்துக்குள் இறங்கியதைக் கவனிக்கவில்லை. பின்னேரம் வளையத்தைத் திருப்பினால் பாகுக்குள் கையை விட்ட மாதிரி இழுத்தது. கழற்றிச் சுத்தம் செய்யக் கொழும்புக்கு அனுப்பவேண்டி வந்தது. அதால், சாதாரண நாளில் யூவி பில்டர் (லென்ஸின் முன்னால் பூட்டுகிற காப்புக் கண்ணாடி) போடாத நானும் தேரன்று போடுவேன். துணி ஒன்று தண்ணீரில் நனைத்துப் பிழிந்து இடுப்புப் பையில் இருக்கும். தெறித்த உடனே பில்டர், வளையம் எல்லாம் ஒரு துடை. சீனித் தண்ணீர் காய்ந்தால்தான் பிரச்சினை.

திருநீறும் அப்படித்தான். நெற்றியில் பூசிய விரலால் லென்ஸ் மூடியைத் திறந்தால் பொடி கண்ணாடியில் ஒட்டும். அதைத் தேய்க்காதீர்கள், கீறும். முதலில் ஊதுகிற றப்பர் பந்தால் ஊதி எறிந்துவிட்டுத்தான் துணி.

வெயிலைப் பற்றி ரொறன்ரோவில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாத ஒரு கணக்கு. ஓகஸ்ட் கடைசியில் யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். சித்திரை வருடப்பிறப்புச் சமயமும் அப்படித்தான். பன்னிரண்டு மணிக்கு ஆளின் நிழல் காலடிக்குள் போய்விடும், கண் இரண்டும் கறுப்புக் குழியாகத் தெரியும். இதுக்கு எந்த விலைகூடிய லென்ஸும் மருந்தில்லை. விறாந்தைக்கோ வேப்ப மரத்துக்குக் கீழேயோ ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதுதான் மருந்து. நல்லூர் வீதியில் மட்டும் ஒரு சலுகை உண்டு. கீழே கிடக்கும் வெள்ளை மணல் வெளிச்சத்தை மேலே திருப்பி அடிக்கும், முகங்களில் நிழல் கொஞ்சம் கரையும். பிளாஷ் கொண்டு வர நினைத்தது இந்த நிழலுக்காகத்தான் என்றால், அந்த வேலையை மணல் பாதி செய்துவிடும். பிளாஷை விடுங்கள். தார் வீதிக்கும் மணல் வீதிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே முகத்தை இரண்டு இடத்திலும் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

சரி, 70-200. இதை விடச் சொல்லுவேன் என்று நினைத்திருப்பீர்கள். கொண்டு வாருங்கள். ஆனால் பதினாலு நாளில் மூன்று நாள்தான் வீட்டை விட்டு வெளியே எடுக்க வேண்டும். ஒன்று, சப்பரத்தன்று இரவு. தூரத்தில் இருந்து அந்த வெளிச்சக் கோபுரத்தையும் அதன் கீழே நிற்கிற முகங்களையும் ஒன்றாகச் சேர்க்க இதை விட்டால் வேறு வழியில்லை, எஃப் 2.8 அங்கே வேலைக்கு வரும். இரண்டு, தேர். வடம் பிடிக்கிறவர்களின் தோளும் நரம்பும் தூரத்தில் நின்று எடுத்தால்தான் படம். அன்றைக்கு உள்ளே போய்க் கும்பிடுகிற எண்ணம் இருந்தால், படம் முடிந்து வீட்டில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் பின்னேரம் போங்கள். இரண்டையும் ஒரே காலையில் செய்யப் பார்த்தால் சாமியும் கிடையாது, படமும் கிடையாது. மூன்றாவது, நெடுந்தீவுக் குதிரைகள்.

நெடுந்தீவு வேறு கதை. குறிகட்டுவான் துறையில் இருந்து படகில் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். ஓகஸ்ட் சோளகக் காற்றுக் காலம், கடல் சும்மா கிடக்காது. தண்ணீர் உள்ளே தெறிக்கும், கூட்டமும் இருக்கும், பை உங்கள் மடியில்தான். வாய் சுருட்டிக் கட்டுகிற தண்ணீர் புகாத பை ஒன்று வாங்குங்கள். இல்லாவிட்டால் தடித்த பொலித்தீன் பை இரண்டைக் கமராப் பைக்குள் உறையாகப் போட்டு இறுக்கிக் கட்டினாலும் போதும். கரையிலேயே 24-70ஐப் பூட்டிவிடுங்கள். படகிலும் கடற்கரையிலும் லென்ஸ் மாற்றவே கூடாது. தீவுக்குள் போன பிறகு மாற்றினாலும் காற்றுக்கு முதுகைக் காட்டி, கமராவின் வாயைக் கீழே பிடித்துத்தான் மாற்ற வேண்டும். இறங்குதுறைப் பக்கம் கடற்படையினர் நிற்பார்கள், அங்கே கமரா பைக்குள் இருக்கட்டும். முகாம், காவலரண் எங்கே கண்டாலும் அதே கதைதான்.

பகல் பயணமாகப் போனால் காலையில் இறங்கி, பின்னேரம் வெளிச்சம் நல்லாய் வர முதலே திரும்பப் படகு ஏற வேண்டும். அதாவது நீங்கள் அங்கே நிற்பது முழுக்க உச்சி வெயிலில். இதைத் தெரிந்துகொண்டு போனால் கொண்டு போகிற சாமானும் மாறும். முக்காலி பாரம் மட்டும்தான். வட்டப் போலரைசிங் பில்டர் ஒன்று கட்டாயம் வேண்டும், உங்கள் பட்டியலிலேயே இல்லாத சாமான் அதுதான். சூரியனுக்குச் செங்கோணமாக இருக்கும் வானத்தில்தான் இந்தப் பில்டர் நன்றாக வேலை செய்யும். சூரியன் தலைக்கு நேர் மேலே நின்றால் அடிவானம் முழுக்க, எந்தப் பக்கம் திரும்பினாலும், அந்தச் செங்கோணம்தான். அதால் காலையிலும் மாலையிலும் அகல லென்ஸில் வருகிற, வானத்தின் ஒரு பக்கம் கறுத்து மறு பக்கம் வெளுக்கிற அலங்கோலம் மத்தியானத்தில் குறைவு. கடலின் மினுக்கம் போய் அடியில் உள்ள பச்சை தெரியும். முருகைக்கல் வேலிகளின் வெளுப்பு அடங்கி ஒவ்வொரு கல்லும் தனித்தனியே தெரியும். ஒன்றரை, இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தைத் தின்னும்தான் (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அந்த வெயிலில் அது எங்களுக்குப் பெரிய விசயமா?

குதிரைகள் தெற்குப் பக்க வெளியில் திரியும். ஓகஸ்டில் தீவு காய்ந்து கிடக்கும், ஆகவே தண்ணீர் உள்ள இடம் எது என்று ஊராட்களிடம் கேட்டால் குதிரையும் அங்கே இருக்கும். 200இல் நின்று எடுங்கள். கிட்டப் போய் அதுகளைத் தண்ணீரில் இருந்து கலைத்துவிட்டு ஓடுகிற படம் எடுக்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெருக்குமரத்துக்கு (பாவோபாப்) 24 போதும். இரவு தங்கினால் எல்லாம் மாறும், விடிய ஆறு மணி வெளியில் குதிரையின் முதுகு ஓரமாய் வெளிச்சம் பிடிக்கும். நாலு வயதுப் பிள்ளையோடு தங்குவது உங்கள் வீட்டு அரசியல், நான் தலையிட மாட்டேன்.

நயினாதீவுக்கு 24-70 மட்டும். நாகபூசணி அம்மன் கோயிலின் உள்ளேயும் கமரா மூடித்தான் இருக்கும். நாகவிகாரையில் புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள், மகளையும் அப்படி நிறுத்தாதீர்கள். இந்த நாட்டில் அது பெரிய வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும்.

கடலுக்குப் போய் வந்த அன்றிரவு, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கமராவையும் லென்ஸையும் ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். உப்புக் காய்ந்து கிடந்தால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போடுங்கள். அரிசிப் பானைக்குள் கமராவைப் புதைக்கிற வைத்தியத்தை யாரும் சொன்னால் கேட்க வேண்டாம், மாத்தூள் லென்ஸுக்குள் போகும்.

இனி அம்மம்மா வீடு. இந்தப் பயணத்தில் உங்களுக்கு மிஞ்சப் போகிற படங்கள் இங்கேதான் இருக்கின்றன என்பது என் எண்ணம், ஆனால் நீங்கள் போட்ட பட்டியலில் பாதி இங்கே கையால் தொடத் தேவையில்லாதது. கோண்டாவில் பக்கத்துப் பழைய வீட்டுக் குசினி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. புகையேறிய சுவர், ஒரே ஒரு யன்னல், அதில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு சுளகு. அடுப்புக்கு முன்னால் அம்மம்மா குந்தி இருப்பா. 85ஐப் பூட்டினால் நீங்கள் கிணற்றடிக்குப் போய் நிற்க வேண்டும். இங்கே 35 எஃப் 1.8. உங்கள் சூமின் 2.8ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும், எடையும் அதில் பாதிக்குக் குறைவு. அதைவிட முக்கியம், அது சின்னன். பெரிய லென்ஸைக் கண்டால் அம்மம்மா எழும்பிப்போய் சேலை மாற்றிக்கொண்டு, தலையும் வாரிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று "இப்ப எடு" என்பா. 35ஐக் கண்டால் தேங்காய் துருவுகிற கை நிற்காது.

அங்கே ஒரு வேலை செய்யுங்கள். குசினி லைற்றை நிப்பாட்டுங்கள். யன்னல் வெளிச்சத்தோடு மேலே எரிகிற லைற்றும் கலந்தால் தோலின் நிறம் ஒரு பக்கம் மஞ்சளும் ஒரு பக்கம் நீலமுமாக வரும், எந்த மென்பொருளிலும் அதைப் பிரித்தெடுப்பது தலையிடி. லைற்றை நிப்பாட்டி, சுளகை யன்னலில் இருந்து எடுத்து, யன்னலுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். ஐஎஸ்ஓ (கமராவின் வெளிச்ச உணர்திறன்) 3200 வரை போனாலும் உங்கள் கமரா தாங்கும். புகை யன்னல் வெளிச்சத்துக்குள் எழும்பும் நேரம் அடுப்பு மூட்டிய முதல் பத்து நிமிடம்தான். 85? விடுங்கள். முகப்படம் வேண்டுமென்றால் 24-70இன் 70 இருக்கிறது.

முக்காலிக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பின்னேரம் பண்ணைக் கடலில் நட்டு வைத்த வலைக் கம்புகள், கோட்டை மதிலில் இருந்து இறங்குகிற சூரியன். ஓகஸ்டில் ஆறரைக்குக் கொஞ்சம் முதல் சூரியன் போய்விடும். ரொறன்ரோ அந்தி மாதிரி இழுபடாது, இருபது நிமிடத்தில் இருட்டு. அந்த இருபது நிமிடத்துக்காக ஒன்றரைக் கிலோவைக் கடல் கடந்து கொண்டு வருவானேன்? துணிப்பை ஒன்றில் இரண்டு சுண்டு பயறு போட்டுக் கட்டி மதிலில் வைத்து, அதன் மேல் கமராவை வையுங்கள். ஆடாது. வீட்டுக்குப் போய் பயறைத் திருப்பி அம்மம்மாவிடம் கொடுக்கலாம்.

ட்ரோன் வேண்டவே வேண்டாம். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவு, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி என்று வர முதலே அலைய வேண்டும். இல்லாமல் கொண்டு வந்தால் விமான நிலையத்திலேயே சுங்கத்தோடு மல்லுக்கட்டு. வடக்கில் முகாம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று உங்களுக்குத் தெரியாது. சனம் நிறைந்த தேர்முட்டிக்கு மேலே அதை விடுகிற கனவையும் விடுங்கள்.

சின்ன விசயங்கள் சில. மேலதிக பற்றரிகளைக் கைப்பையில்தான் கொண்டு வர வேண்டும், பெரிய பெட்டிக்குள் போட விட மாட்டார்கள். மூன்று பற்றரி போதும். இங்கே மின்சாரம் 230 வோல்ட், உங்கள் சார்ஜர் 240 வரை தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். புது வீடுகளில் சதுர முள், பழைய வீடுகளில் உருண்டை முள். அடப்டர் யாழ்ப்பாணம் ரவுனில் வாங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து காவ வேண்டாம். ஏசி அறையில் தங்கினால் விடிய நாலரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நேரே நல்லூருக்கு ஓடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றுப் பட்ட உடனே பனி பிடிக்கும், துடைக்கத் துடைக்க வரும். எழும்பிய உடனே பையை, திறக்காமல், ஏசி இல்லாத இடத்தில் அரை மணித்தியாலம் வையுங்கள். நீங்கள் குளித்து வேட்டி கட்ட அது சரியாகிவிடும்.

இதைப் படிக்கிற வேறு ஆட்கள் இவ்வளவு விலைகூடிய சாமான் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். கனன் சின்னக் கமரா ஒன்று, 18-55, 55-250, 24 எஃப் 2.8 என்று மூன்று லென்ஸ். மூன்றும் சேர்ந்து முக்கால் கிலோவுக்குள். மேலே சொன்ன எல்லாப் படமும் அதில் வரும், சப்பரத்து இரவு மட்டும் கொஞ்சம் சிரமப்படும். மார்கழி, தையில் வருகிறவர்களுக்குக் கணக்கு வேறு. கரையோர நீர்நிலைகளில் பூநாரை நிற்கும், அதுக்கு 400க்குக் குறைந்தால் வெள்ளைப் புள்ளிதான். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா. மழை உறையும் வேண்டும்.

ஆக உங்கள் பெட்டிக்குள் கமரா, 24-70, 35, 70-200, போலரைசர், ஒரு யூவி. அவ்வளவுதான். அன்றாடம் தோளில் 24-70, இடுப்பில் 35. கமராவோடு 1.6 கிலோ, பிள்ளையைத் தூக்க ஒரு கை மிஞ்சும்.

இனி அப்பாவின் பென்டாக்ஸ். லென்ஸ் இல்லாமல் 620 கிராம். லென்ஸோடு என்றாலும் நான் கழிக்கச் சொன்ன 16-35, 85, முக்காலி மூன்றும் சேர்ந்த பாரத்தை விடக் குறைவு. கொண்டு வாருங்கள். கே1000இல் பற்றரி ஒளிமானிக்கு மட்டும்தான், பற்றரி செத்தாலும் ஷட்டர் அடிக்கும். எங்கள் வெயிலுக்கு ஒளிமானியும் தேவையில்லை. 200 பிலிம் என்றால் வெளியில் எஃப் 16, ஷட்டர் வேகம் செக்கனில் 250இல் ஒன்று. மர நிழலுக்குள் போனால் எஃப் 5.6. வெளிக்கிட முதல் அங்கே ஒரு றோல் எடுத்துக் கழுவிப் பாருங்கள், பழைய கமராக்களில் பின்கதவு ஓரத்துப் பஞ்சு உக்கி வெளிச்சம் உள்ளே கசியும். பஞ்சு மாற்றுவது சின்ன வேலை. இரண்டு றோல் போதும். விமான நிலையங்களில் றோலை எக்ஸ்ரே பெட்டிக்குள் போடாமல் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், புது வகை ஸ்கானர் பிலிமைப் பழுதாக்கும். எடுத்ததைக் கழுவுவது ரொறன்ரோ போய். எதை எடுப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அப்பாவிடம் கேளுங்கள், அவர் ஒரு பட்டியல் வைத்திருப்பார்.